118 குதிரைத்திறன் இருந்தும் மேடு ஏறவில்லையே?

கேள்வி: சார், கார் வடிவமைக்கும் 'ஆட்டோமேஷன்' கணினி விளையாட்டில் 1994ஆம் வருடத்துக்கு ஒரு குடும்ப ஹேட்ச்பேக் செய்திருக்கிறேன். நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர், டபுள் ஓவர்ஹெட் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), 16 வால்வு. டார்க் (சுழற்றும் விசை) வேண்டும் என்று ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 87 மி.மீ. வைத்தேன், போர் (சிலிண்டரின் விட்டம்) 66 மி.மீ. பவரும் வேண்டும் என்று கேம்ஷாஃப்ட் புரொஃபைல் ஸ்லைடரை 80க்கு ஏற்றினேன். 7,700 ஆர்பிஎம்மில் 118 குதிரைத்திறன் காட்டுகிறது, லிமிட்டர் 8,000. ஆனால் பீம்என்ஜி டிரைவ் என்ற கார் ஓட்டும் விளையாட்டுக்கு எக்ஸ்போர்ட் செய்து இத்தாலி மேப்பில் ஓட்டினால் மேட்டில் மூன்றாவது கியரில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. ரிலையபிலிட்டி மோசம், விலையும் எகிறுகிறது, மார்க்கெட்டில் யாரும் சீண்டவில்லை. டர்போ போட்டுவிடட்டுமா? நான் சாஃப்ட்வேர் ஆள், மெக்கானிக்கல் தெரியாது. ஸ்க்ரீன்ஷாட்கள் இணைத்திருக்கிறேன்.
– பெங்களூரு கே.ஆர். புரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: டர்போ வேண்டாம். இப்போதைக்குப் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், இருப்பதில் சிலவற்றைக் குறைத்தாலே வண்டி ஓடும்.

உங்கள் முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் தப்பில்லை. ஆனால் எஞ்சினின் அடிப்பாகத்தை ஒரு வண்டிக்கும் தலைப்பாகத்தை இன்னொரு வண்டிக்கும் செய்திருக்கிறீர்கள். நீள ஸ்ட்ரோக் நிதானமாகச் சுற்ற நினைக்கிறது, 80 புரொஃபைல் கேம்ஷாஃப்ட்டோ அலறிக்கொண்டு சுற்றினால்தான் வேலை செய்யும். நடுவில் மாட்டிக்கொண்டது கியர்பாக்ஸ்.

முதலில் அந்த 118 என்ற எண்ணை மறந்துவிட்டு கிராஃபின் இடதுபக்கம் பாருங்கள். 2,500 ஆர்பிஎம்மில் உங்கள் டார்க் 62 நியூட்டன் மீட்டர். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும், அதை 1.36ஆல் பெருக்கினால் குதிரைத்திறன். போட்டுப் பாருங்கள், வருவது 22. சில்க் போர்டு ஜங்ஷனில் ஊர்ந்து போகிறவர் 7,700 ஆர்பிஎம்மை என்றைக்குத் தொடப்போகிறார்? அவருக்கு நீங்கள் விற்பது 22 குதிரைத்திறன் வண்டி. 1993இல் வந்த மாருதி ஜென்னுக்கு அதிகபட்சமே 50 குதிரைத்திறன் போலத்தான், எஞ்சினும் 993 சிசிதான். அதை ஓட்டியவர்கள் யாரும் பிக்கப் இல்லை என்று புலம்பியதில்லை. வண்டி எடை குறைவு என்பது ஒரு காரணம், கால் வைக்கிற இடத்தில் டார்க் இருந்தது இன்னொரு காரணம்.

இந்த 62 எங்கிருந்து வந்தது? கேம்ஷாஃப்ட்டிலிருந்துதான். புரொஃபைலை ஏற்ற ஏற்ற, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும், பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வர ஆரம்பித்த பிறகும் மூடாது. கே.ஆர். மார்க்கெட்டில் பஸ் ஏறுகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முண்டியடித்து வரும்போது கதவைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்தால் இன்னும் நாலு பேர் உள்ளே வந்துவிடுவார்கள், கூட்டம் மந்தமாக இருக்கும்போது அதே கதவு திறந்து கிடந்தால் ஏறியவர்களே இறங்கிவிடுவார்கள். 7,000 ஆர்பிஎம்மில் காற்று வருகிற வேகத்துக்கு, பிஸ்டன் எதிரே வந்தாலும் அது உள்ளே திணிந்துகொண்டே இருக்கும். 2,500இல் அந்த வேகம் இல்லை, அதனால் பிஸ்டன் மேலே வரும்போது கலவையில் ஒரு பங்கு இன்டேக் பக்கமே திரும்பித் தள்ளப்படுகிறது. போதாததற்கு, இன்டேக்கும், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து திறந்திருக்கிற நேரமும் கூடியிருப்பதால், எரிந்து முடிந்த புகை சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஐட்லிங்கில் வண்டி உதறுகிறதா? அதற்கும் இதுவே காரணம்.

அடுத்து ஸ்ட்ரோக். "நீள ஸ்ட்ரோக் என்றால் டார்க்" என்று டீக்கடை தொடங்கி ஷோரூம் வரை எல்லோரும் சொல்வார்கள். ஒரே சிசிக்குள் இது பெரும்பாலும் உண்மையில்லை. ஸ்ட்ரோக்கைக் கூட்டினால் கிராங்கின் நெம்பு நீளும்தான், ஆனால் அதே சிசிக்கு போர் சிறிதாகிறது, பிஸ்டனின் தலைப்பரப்பு குறைகிறது, அழுத்தம் தள்ளுகிற விசையும் குறைகிறது. ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் லிட்டருக்கு 80 முதல் 100 நியூட்டன் மீட்டர் வரை தரும், சிலிண்டரில் எவ்வளவு காற்று நிறைகிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. நீள ஸ்ட்ரோக் எஞ்சின்கள் கீழே நன்றாக இழுப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம், அவற்றைச் செய்பவர்கள் அவற்றுக்கு அடக்கமான கேம்ஷாஃப்ட்டைத்தான் போடுவார்கள். நீங்கள் போடவில்லை.

அதனால் என்ன ஆயிற்று என்றால், ரிலையபிலிட்டி சரிந்தது. பிஸ்டனின் சராசரி வேகம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்ட்ரோக்கை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, ஆர்பிஎம்மால் பெருக்கி, 60ஆல் வகுக்க வேண்டும். உங்களுடையது 8,000இல் நொடிக்கு 23.2 மீட்டர். ஹோண்டா எஸ்2000 மாதிரி, இதற்கென்றே செதுக்கிய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் சுமார் 25 மீட்டர் வரை போகிறது. சாதாரண வார்ப்புப் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் போட்ட 1994 குடும்ப வண்டியை அந்தப் பக்கம் அனுப்பக்கூடாது. விளையாட்டும் சிவப்பில் எச்சரித்திருக்கும், நீங்கள் அதை அடக்குவதற்காக குவாலிட்டி ஸ்லைடர்களை +6, +7 என்று ஏற்றியிருக்கிறீர்கள். விலை எகிறியது அங்கேதான். ஸ்க்ரீன்ஷாட்டில் அத்தனை ஸ்லைடரும் பிளஸ்ஸில் நிற்கிறது! டிசைனில் உள்ள முரணைக் குவாலிட்டி ஸ்லைடரால் மூடப்பார்ப்பது இந்த விளையாட்டில் பலர் செய்வது. கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது.

சரி, மாற்றலாம். போர் 73, ஸ்ட்ரோக் 71.5 என்று வையுங்கள், 1,197 சிசி வரும். நான் இஷ்டத்துக்குச் சொல்கிற அளவு இல்லை, மாருதியின் கே12எம் எஞ்சினுடைய அளவே இதுதான், ஸ்விஃப்ட்டில் ஓடியது. போர் பெரிதானால் வால்வுகளுக்கும் இடம் கிடைக்கும். கேம்ஷாஃப்ட் புரொஃபைலை 35, 40க்குக் கொண்டுவாருங்கள். லிமிட்டர் 6,500 போதும், பிஸ்டன் வேகம் 15.5 மீட்டருக்கு இறங்கிவிடும். வார்ப்புப் பாகங்களே தாங்கும், குவாலிட்டி ஸ்லைடர்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பலாம். உச்ச பவர் 6,000 ஆர்பிஎம் பக்கத்தில் 85 போல நிற்கும், விளையாட்டின் வெர்ஷனைப் பொறுத்துக் கொஞ்சம் மாறலாம். 2,500இல் 95 நியூட்டன் மீட்டர் வருகிற வரை புரொஃபைலை இறக்குங்கள். அதாவது அங்கே 22 இருந்த இடத்தில் கிட்டத்தட்ட 34 குதிரைத்திறன்.

ஒன்று கவனம். கேம்ஷாஃப்ட்டை அடக்கியதும் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) எச்சரிக்கை வரும். முன்பு தப்பித்து வெளியே போன கலவை இப்போது உள்ளேயே நின்று முழுதாக அழுந்துகிறது, அதனால் எஞ்சின் கூடுதல் ஆக்டேன், அதாவது நாக்கிங்கை அதிகம் தாங்கும் பெட்ரோல், கேட்கும். பதறிப்போய்ப் பழைய இடத்துக்கே ஸ்லைடரைத் தள்ளிவிடாதீர்கள். கம்ப்ரஷனை அரைப் புள்ளி, ஒரு புள்ளி இறக்குங்கள், அப்படியும் போகவில்லை என்றால் இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் இழுங்கள். பிரீமியம் பெட்ரோலுக்கு மாற்றுவது கடைசி வழி, குடும்ப வண்டி வாங்குபவருக்கு அது தினசரிச் செலவு. நம் ஊர் நிலவரத்தோடு விளையாட ஆசைப்பட்டால் இன்னும் கட்டுப்பாடு வேண்டும். தொண்ணூறுகளில் பங்க்கில் கிடைத்த சாதாரண பெட்ரோல் 87 ஆக்டேன்தான். ஈயம் இல்லாத பெட்ரோலும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னையில் 1995இல் தொடங்கின. பெங்களூரு அந்த நாலு ஊரில் இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் கன்வெர்ட்டரைப் பாழாக்கிவிடும் என்பதால் விளையாட்டில் எரிபொருளையும் கன்வெர்ட்டரையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இனி மேடு. நாலு பேரும் லக்கேஜும் சேர்த்து வண்டி 1,200 கிலோ, சாலை நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு மட்டும் 940 நியூட்டன் பின்னால் இழுக்கும். டயர் உருளும் தடையையும் காற்றையும் சேர்த்தால் 1,160 போல. டயரின் ஆரம் 27 செ.மீ. என்றால் சக்கரத்தில் சுமார் 315 நியூட்டன் மீட்டர் வேண்டும். மூன்றாவது கியர் 1.3, ஃபைனல் டிரைவ் 4.1, இரண்டையும் பெருக்கினால் 5.3. வழியில் பல்சக்கரங்கள் தின்பது போக உங்கள் 62இல் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது 290. போதவில்லை. மணிக்கு 48 கிலோமீட்டரில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து, நீங்கள் இரண்டாவதுக்கு இறக்க வேண்டியதாகிறது. 95 ஆக்கினால் அதே இடத்தில் 440 கிடைக்கும். மீதி 125, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேகம் கூடுவதற்கு.

இந்தக் கணக்கு இத்தாலி மேப்புக்கு மட்டும் இல்லை. ஓசூர் வழியாகச் சேலம் போகிற நம் ஆட்கள் பொங்கல் கூட்டத்தில், லாரிகளுக்குப் பின்னால், எந்த கியரில் போவார்கள் என்று யோசித்து ரேஷியோ வைத்தால் விளையாட்டுக்குள்ளும் வண்டி ஒழுங்காக இருக்கும். நீங்களோ டாப் ஸ்பீடை 230க்கு வைத்துக் கியர்களை நீட்டியிருக்கிறீர்கள். மேலே நான் போட்ட 5.3 கூட உங்களிடம் இல்லை, அதைவிடக் குறைவு. 118 குதிரைத்திறனை வைத்து இந்த உருவ வண்டி காற்றைக் கிழித்துப் போகக்கூடியது 200 சுற்றுவட்டாரம்தான். எட்டவே முடியாத வேகத்துக்காக ஐந்து கியரையும் பலி கொடுக்காதீர்கள். வண்டியால் எட்ட முடிகிற வேகத்துக்குச் சற்று மேலே டாப் கியரை நிறுத்துங்கள்.

மார்க்கெட் ஏன் சீண்டவில்லை என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. குடும்ப வாடிக்கையாளர்கள் ஓட்டுவதற்குச் சுலபமா, பாதுகாப்பா, மைலேஜ் எவ்வளவு, விலை எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். விளையாட்டில் காஸ்மியா, ஃப்ரூனியா, அர்ச்சனா என்று கற்பனை நாடுகள் இருக்கின்றன. அர்ச்சனா என்ற பெயரைப் பார்த்து நம்ம ஊர்ப்பெண்தானே என்று சலுகை எதிர்பார்க்காதீர்கள். நாட்டை மாற்றி மாற்றிப் பார்த்து, எந்த வகை வாடிக்கையாளரிடம் மதிப்பெண் கூடுகிறது என்று கவனியுங்கள்.

எஞ்சின் ஃபேமிலி (பொதுவான அடிப்படை எஞ்சின்), வேரியன்ட் (அதிலிருந்து செய்யும் வகை) என்ற பிரிவை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நீங்கள் 1.2க்கென்று ஒரு ஃபேமிலி தொடங்கியிருக்கிறீர்கள். நாளைக்கு அதே வண்டிக்கு 1.5 லிட்டர் செடான் கேட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஃபேமிலியை 73க்கு 89 என்று பெரிதாக வைத்துக்கொண்டு, வேரியன்ட்டில் ஸ்ட்ரோக்கைக் குறைப்பது புத்திசாலித்தனம். ஹோண்டா நிஜத்தில் செய்தது இதைத்தான். சிட்டியில் வந்த 1.5 லிட்டர் எஞ்சினின் போர் 73, ஸ்ட்ரோக் 89.4. 2009இல் இந்தியாவுக்கு வந்த ஜாஸின் 1.2 லிட்டர் எஞ்சினிலும் போர் அதே 73, ஸ்ட்ரோக் மட்டும் 71.6 போல, மொத்தம் 1,198 சிசி. ஏன் அந்தக் குறிப்பிட்ட எண்? 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள், பெட்ரோலில் 1,200 சிசிக்குள் உள்ள கார்களுக்கு வரி குறைந்தது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோதும் அதே கோடுதான், உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40. விளையாட்டில் இந்த விதி கிடையாது. இந்திய வண்டி செய்கிறோம் என்ற ருசி வேண்டுமானால் அளவை நீங்களே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் விளையாடுகிறேன், சுவாரசியம் கூடுகிறது.

கடைசியாக டர்போ. ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது, குறிப்பாக நம் ஊர்க்காரருக்கு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம், காற்று மெலிசு. அதே வெப்பநிலையில் கடலோரத்தில் 85 குதிரைத்திறன் தருகிற சாதாரண எஞ்சின் இங்கே 76, 77தான் தரும். டர்போ இருந்தால் அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடலாம். ஆனால் 1994இல் டர்போ என்பது விலை, சூடு, கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டிய கட்டாயம், மிதித்த பிறகு காத்திருக்கும் லேக் எல்லாம் சேர்ந்த பொட்டலம். 2010க்குப் பிந்தைய வண்டி செய்யும்போது எடுங்கள். 2013இல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 1,197 சிசியில் 105 குதிரைத்திறனும், 1,500 ஆர்பிஎம் தொடங்கி 175 நியூட்டன் மீட்டரும் கொடுத்தது. அதன் குதிரைத்திறன் உங்களுடைய 118ஐவிடக் குறைவு, ஆனால் 2,500 ஆர்பிஎம்மில் டார்க் உங்களுடையதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அந்த மாதிரிச் செய்ய, டர்போ மெனுவில் கம்ப்ரஸரையும் டர்பைனையும் சிறிதாகத் தேர்ந்தெடுத்து, பூஸ்ட் சீக்கிரம் ஏறும்படி வையுங்கள். கேம்ஷாஃப்ட் புரொஃபைலை அப்போதும் ஏற்ற வேண்டாம்.