காயிந்தா: மதராஸ் சிப்பாய்கள் தங்கிய ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தோஹாவில் வேலை பார்க்கிறேன். என்னுடன் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் பெண்மணி, மணிலாவுக்குக் கிழக்கே காயிந்தா என்ற ஊரைச் சேர்ந்தவர். “எங்கள் முன்னோர்கள் இந்தியச் சிப்பாய்கள் என்று பாட்டி சொல்வார்” என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். தேடிப் பார்த்தேன். ‘பிலிப்பைன்ஸில் ஒரு தமிழ்க் கிராமம்’ என்று ஒரு காணொளி கிடைத்தது. அங்கே சமைக்கும் கரே-கரே நம் கறிதான் என்கிறது அது. இதெல்லாம் எவ்வளவு தூரம் உண்மை? நம்மூர் ஆட்கள் அவ்வளவு தூரம் எதற்குப் போனார்கள்?

க.

அன்புள்ள க.,

சண்டைக்குப் போனார்கள். ஐரோப்பிய நாடுகளின் ஏழாண்டுப் போரில் ஸ்பெயின் பிரான்சுடன் சேர்ந்துகொண்டதும், பிரிட்டன் ஸ்பெயினின் மணிலாவைக் குறிவைத்தது. அதற்குப் படை திரட்டிய இடம் மதராஸ். தளபதி வில்லியம் டிரேப்பர், கப்பல்களுக்கு அட்மிரல் கார்னிஷ். மதராஸின் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தனக்கு என்ன கொடுத்தார்கள் என்று டிரேப்பரே பட்டியல் போட்டிருக்கிறார். பீரங்கிப் படையினர் முப்பது பேர், சிப்பாய்கள் அறுநூறு பேர், காப்பிரிகள் என்ற ஆப்பிரிக்க வீரர்கள் ஒரு கம்பெனி, தோப்பாசிகள் என்ற போர்த்துகீசியக் கலப்பின வீரர்கள் ஒரு கம்பெனி, மூட்டை சுமக்கவும் பீரங்கி இழுக்கவும் ஆயுதமில்லாத லஸ்கர்கள் சில நூறு பேர். கூடவே கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்துகொண்ட பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு கம்பெனி. இவர்களை நம்ப முடியாது என்று அவரே எரிச்சலோடு குறிப்பிடுகிறார்.

1762 செப்டம்பர் 23 அன்று மணிலா விரிகுடாவில் வந்து நின்றார்கள். அக்டோபர் தொடக்கத்தில் கோட்டை விழுந்தது. நகரம் சூறையாடப்பட்டது, மேலே நாற்பது லட்சம் டாலர் மீட்புத்தொகையும் கேட்கப்பட்டது. நம் ஆட்கள் கடல் கடந்த கதையைப் பெருமையாகச் சொல்லும்போது இதை யாரும் சொல்வதில்லை. அந்த அறுநூறு பேரும் அங்கே இறங்கியது படையெடுத்து வந்தவர்களாகத்தான்.

ஆனால் மணிலாவுக்கு வெளியே அதிக தூரம் பிரிட்டிஷாரால் நகர முடியவில்லை. சிமோன் தே அந்தா என்ற ஸ்பானிய அதிகாரி பம்பாங்கா மாகாணத்தின் பக்கோலோரில் உட்கார்ந்துகொண்டு, நான்தான் அரசு என்று அறிவித்துவிட்டார். நகரத்துக்குச் சோறு வரும் வழியைக் காக்க பிரிட்டிஷார் ஆற்றோடு மேலே போய் பாசிக் என்ற ஊரைப் பிடித்து அங்கே காவல் வைத்தார்கள். பாசிக்கை ஒட்டிய ஊர்தான் காயிந்தா. 1764இல் மணிலாவை ஸ்பெயினிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படை கிளம்பியபோது, சிப்பாய்களில் சிலர் கப்பல் ஏறவில்லை. அவர்கள் காயிந்தாவில் குடியேறி, அந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள் என்பதுதான் உங்கள் தோழியின் பாட்டி சொன்ன கதை. தாயாப் என்ற பகுதியை இன்றும் அதற்காகச் சுட்டுகிறார்கள்.

பாட்டி சொன்னதை நான் நம்புகிறேன். காணொளியை நம்பவில்லை.

மதராஸ் சிப்பாய் என்றால் தமிழன் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தமிழர், தெலுங்கர், தக்காண முஸ்லிம்கள் எல்லாம் கலந்த படை அது. அந்தச் சிப்பாய்களுக்குத் தளபதியாக இருந்து பேர் வாங்கிய யூசுப் கான், அதாவது நாம் மருதநாயகம் என்று சொல்பவர், அப்போது மதுரையை ஆண்டுகொண்டிருந்தார். மணிலாவைத் திருப்பிக் கொடுத்த அதே 1764இல்தான் அவரைத் தூக்கிலிட்டார்கள். எல்லாம் ஒரே படை, ஒரே காலம். அதில் யார் எந்த ஊர் என்று கேட்டால் நிற்கும் பதில், கோரமண்டலக் கரை என்பது மட்டும்தான்.

‘அப்படியானால் பெயர்களாவது மிஞ்சியிருக்காதா?’ என்று கேட்பீர்கள். கத்தோலிக்க ஊரில் பெண் எடுக்க வேண்டுமென்றால் ஞானஸ்நானம் பெற வேண்டும், அங்கேயே பழைய பெயர் போய்விடும். கொஞ்சநஞ்சம் ஒட்டியிருந்ததும் 1849இல் போயிருக்கும். ஸ்பானிய கவர்னர் கிளாவேரியா நாடு முழுவதற்கும் குடும்பப் பெயர்ப் பட்டியல் ஒன்றை அனுப்பி, ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். வரி வசூலுக்கு வசதி. பிலிப்பைன்ஸில் இத்தனை பேருக்கு ஸ்பானியப் பெயர் இருப்பதற்கு அந்த ஆணை ஒரு பெரிய காரணம். 1899இல் அமெரிக்கப் படை வந்தபோது காயிந்தாவின் பழைய மாதா கோவிலும் எரிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பாட்டி பேத்தியிடம் ‘நாம் சிப்பாய் வம்சம்’ என்று சொல்கிறாள் என்றால், எழுத்தின் துணை இல்லாமலே அந்தக் கதை வாய்வழியாக வந்திருக்கிறது. டிரேப்பர் தன் 79வது படைப்பிரிவில் மாண்டவர்களுக்கு பிரிஸ்டலின் கிளிஃப்டனில் நினைவுச்சின்னம் கட்டினார். இந்தச் சிப்பாய்களுக்கு இருப்பது காயிந்தாப் பாட்டிகள்தான்.

கரே-கரே விஷயத்துக்கு வருவோம். மாட்டு வால், வாழைப்பூ, கத்திரிக்காய், நீளப் பயறு, எல்லாம் வேர்க்கடலைக் குழம்பில். கெட்டிப்படுத்த வறுத்த அரிசி மாவு, நிறத்துக்கு அனாட்டோ விதை. உப்புக் குறைவாகச் சமைத்து, தொட்டுக்கொள்ள இறால் விழுதை வைப்பார்கள். மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை, மல்லி இல்லை. வேர்க்கடலையும் அனாட்டோவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. சிப்பாய்கள் ஊர் நினைவில் சமைத்தது என்று ஒரு கதை இருக்கிறது. பம்பாங்காக்காரர்களும் அதைத் தங்கள் பண்டம் என்கிறார்கள். தட்டில் இருப்பதைப் பார்த்தால் எனக்கு மெக்சிகோதான் தெரிகிறது.

காயிந்தாவின் பெருமை வேறு: பிபிங்கா. வாழையிலை விரித்த மண்சட்டியில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து ஊற்றி, கீழே ஒரு கரி அடுப்பு, மேலே தகரத்தில் இன்னொரு நெருப்பு. மேல்புறம் சிவந்து வரும்போது உப்பிட்ட வாத்து முட்டைத் துண்டுகளை வைத்து, இறக்கியதும் தேங்காய்த் துருவல் தூவுவார்கள். நாடு முழுக்கச் செய்வார்கள், ஆனாலும் பிபிங்கா என்றால் காயிந்தா. இதையும் சிப்பாய் கணக்கில் எழுதிவிடாதீர்கள், நமக்கு ஆப்பம் ஞாபகம் வருவது நம் பிரச்சினை.

அப்புறம், மதராஸுக்கும் மணிலாவுக்கும் போக்குவரத்து படையோடு தொடங்கவில்லை. சோழமண்டலத் துணி அதற்கு முன்பே கப்பல் கப்பலாக மணிலா போய், அங்கிருந்து மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்குப் போனது. மணிலாவில் வியாபாரம் செய்துவிட்டு மதராஸ் வந்த ஆர்மீனியர் பெட்ரஸ் உஸ்கான்தான் 1726இல் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலம் கட்டினார். இப்போது அங்கே மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. உஸ்கானின் கல்வெட்டும் பக்கத்திலேயே இருந்தது. லீவில் வரும்போது அந்த இடத்தைப் பாருங்கள்.

உங்கள் தோழியிடம் ‘நீங்கள் தமிழச்சி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இருநூற்று அறுபது வருஷமாக அவர்கள் காயிந்தாக்காரர்கள், தகாலோக் பேசுகிறவர்கள். பாட்டி இன்னும் இருந்தால், தாயாப்பில் எந்தெந்த வீடுகளைச் சிப்பாய் வீடு என்பார்கள், அவர்களைப் பற்றி ஊரில் என்ன கேலி பேசுவார்கள், யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.