பிரியஸின் வோட்டர் பம்பை வீட்டில் மாற்றலாமா?

கேள்வி: வவுனியாவில் இருக்கிறேன். 2011ஆம் ஆண்டு ரொயோட்டா பிரியஸ், ஜப்பான் இறக்குமதி, 1.8 லீற்றர் எஞ்சின், 190,000 கிலோமீற்றர் ஓடியது. ஏ9 வீதியில் வரும்போது சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தது. உடனே நிறுத்தி, கட்டியிழுத்து வந்தேன். கராஜில் ஸ்கேன் பண்ணி பி261பி என்ற கோட் வருகிறது, வோட்டர் பம்ப் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை எனக்குக் கட்டாது. பிரேக் பாட், பிளக் எல்லாம் நானே மாற்றுவேன். ஹைபிரிட் என்பதால்தான் தயக்கம். நானே செய்யலாமா? எதில் காசு மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: செய்யலாம். பம்பைக் கழற்றிப் பூட்டுவது இந்த வேலையில் சுலபமான பகுதி. கெட்டது பம்ப்தானா என்று முன்கூட்டியே உறுதிசெய்வதும், பூட்டிய பின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதும்தான் பொறுமை கேட்பவை. இரண்டில் ஒன்றை விட்டால் புதுப் பம்ப் போட்டும் அதே விளக்கு எரியும், அல்லது பம்ப் போட்ட காசு தண்டம். முக்கியமான ஒன்றை ஏற்கெனவே சரியாகச் செய்துவிட்டீர்கள். இந்த வண்டியில் வெப்பம் காட்டும் முள் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்த பின் "வீடு மட்டும் போய்விடலாம்" என்று ஓடியவர்களின் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

முதலில், உங்கள் வண்டியில் பம்ப் இரண்டு. எஞ்சினுக்கு ஒன்று, இன்வேட்டருக்கு (பெரிய பற்றரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) ஒன்று. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் எஞ்சினில் பெல்ட்டே இல்லை. எஞ்சின் பம்பையும் 12 வோல்ற் மின்மோட்டார்தான் சுழற்றுகிறது. இன்வேட்டர் பம்ப் அதைவிடச் சிறியது. அதற்குத் தனிச் சுற்று, தனித் தாங்கி, தனிக் கூலன்ற் (சூட்டைத் தணிக்கும் திரவம்). ஒன்றின் தண்ணீர் மற்றதற்குப் போகாது. பி0ஏ93 என்று கோட் வந்தால் அது இன்வேட்டர் பக்கத்துப் பிரச்சினை. உங்களுக்கு வந்த பி261பி எஞ்சின் பம்பைச் சேர்ந்தது: கணினி கேட்ட வேகத்தில் பம்ப் சுழலவில்லை என்று பொருள். "ஹைபிரிட் பம்ப்" என்று மட்டும் கடையில் கேட்டு மற்றப் பம்பை வாங்கி வருவது வழக்கமாக நடக்கும் பிழை. பாக இலக்கத்தோடு கேளுங்கள். எஞ்சின் பம்ப் 161ஏ0-29015. இன்வேட்டர் பம்ப் ஜி9040-52010. எதற்கும் வண்டியின் சேசி இலக்கத்தைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு மணித்தியாலம் போதும், செலவும் சொற்பம். பொனற்றின் கீழ் உள்ள பியூஸ் பெட்டி மூடியில் எஞ்சின் வோட்டர் பம்புக்கான பியூஸ் எது என்று அச்சிட்டிருக்கும். இழுத்துப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அம்பியரில் ஒன்று போட்டு, மறுபடி எரிகிறதா என்று பாருங்கள். மறுபடி எரிந்தால் பம்ப் உள்ளே மின்சுற்று கெட்டிருக்கிறது, அல்லது வயர் எங்கோ உரசியிருக்கிறது. அடுத்தது பம்பின் கனெக்டர். உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் துப்புரவாக்கிப் பூட்டி, கோட்டை அழித்துவிட்டு ஒருமுறை சோதியுங்கள். வண்டியின் ஸ்கேன் சொக்கற்றில் செருகும் இஎல்எம்327 வகைப் புளூடூத் அடாப்டர் ஒன்று இருந்தால் கைத்தொலைபேசியிலேயே கோட் பார்க்கலாம், அழிக்கலாம், கூலன்ற் வெப்பநிலையையும் பார்க்கலாம். இந்த வேலைக்கு அது கட்டாயம் வேண்டும். முள் இல்லாத வண்டியில் உங்கள் கண் அதுதான்.

பி148எஃப் என்ற கோட்டும் சேர்ந்து வந்ததா என்று கராஜில் கேட்டுப் பாருங்கள். அது இதற்கு நேர்மாறு: பம்ப் தேவைக்கு மேல் வேகமாகச் சுற்றுகிறது. தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைக் கடைந்தால் பாரம் இல்லாமல் அப்படித்தான் சுற்றும். காற்று எப்படி வந்தது? அண்மையில் யாராவது கூலன்ற் மாற்றிக் காற்றெடுக்காமல் விட்டிருக்கலாம். அல்லது இந்தத் தலைமுறைப் பிரியஸின் பேர்பெற்ற வியாதியாக ஹெட் காஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். காஸ்கெட் போனால் எரிந்த வாயு கூலன்றுக்குள் புகும். அதன் அடையாளங்கள்: காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் கடகடவென்று உதறிவிட்டுச் சில வினாடிகளில் சீராகும், வெளியே ஒழுக்கே இல்லாமல் தாங்கியில் மட்டம் இறங்கும், இரவு முழுக்க ஆறிய வண்டியில், மூடியைத் திறக்குமுன்னே, மேல் ரேடியேற்றர் ஹோஸ் கல்லுப் போல இறுகியிருக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் பம்ப் வாங்காதீர்கள். கூலன்ற் தாங்கியின் வாயில் வைத்து எரிந்த வாயு இருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவச் சோதனை கராஜ்களில் உண்டு. நீலம் மஞ்சளாக மாறினால் காஸ்கெட்தான்.

பம்ப்தான் என்று முடிவானால், அதைப் பழுதுபார்க்க முனைய வேண்டாம். இது கார்பன் தேயும் மோட்டார் இல்லை. மோட்டாரும் அதை ஆளும் மின்பலகையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து மூடியவை. பழைய வண்டியில் கழற்றிய றீகண்டிஷன் பம்பும் வேண்டாம். அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கடைக்காரருக்கே தெரியாது, மேசையில் வைத்துச் சோதிக்கவும் முடியாது. மிச்சம் பிடிக்க நல்ல இடம் வேறு இருக்கிறது. ரொயோட்டா பெட்டியில் வாங்காமல் ஐசின் பெட்டியில் வாங்குங்கள், அவர்களின் இலக்கம் டபிள்யூபிடி-190. ரொயோட்டாவுக்குப் பாகம் செய்துகொடுக்கும் நிறுவனம் அது. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் நாலு கடையில் விலை கேட்டால் வித்தியாசம் தெரியும். பெட்டியில் மட்டும் பெயர் இருந்து பம்பின் உடலில் எந்த அச்சும் இல்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் இந்த வண்டிகள் எல்லாம் வயதேறிப் போயின, பாகத்துக்குக் கேள்வி கூடியது, போலியும் கூடவே வந்தது.

பம்போடு சேர்த்து வாங்க வேண்டியவை: பம்பின் காஸ்கெட் அல்லது ஓ-ரிங் (பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்), தேர்மோஸ்டாட்டும் (சூடானதும் கூலன்றை ரேடியேற்றருக்குத் திறந்துவிடும் வால்வு) அதன் ரப்பரும், கூலன்ற் 4 லீற்றர் கலன் இரண்டு. எஞ்சின் சுற்று முழுவதற்கும் ஏறத்தாழ 7 லீற்றர் பிடிக்கும். தேர்மோஸ்டாட் கெடவில்லையே என்று நினைக்கலாம். கூலன்றை எப்படியும் வடிக்கத்தான் போகிறீர்கள். பிறகு அது கெட்டால் இந்த வேலை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும், கூலன்றும் புதிதாக வாங்க வேண்டும்.

கூலன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இளஞ்சிவப்பு நிற ரொயோட்டா சூப்பர் லோங் லைஃப், ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்தது, அப்படியே ஊற்றலாம். கடும் சிவப்பு நிறத்தது செறிவானது, அதில் சரிபாதி வடிகட்டிய பற்றரித் தண்ணீர் கலக்க வேண்டும். நமது ஊரில் பனி உறையாது, வெறும் தண்ணீர் போதுமே என்பார்கள். கூலன்றின் வேலை உறைவதைத் தடுப்பது மட்டுமில்லை, கொதிநிலையை உயர்த்துவதும் அலுமினியம் அரிக்காமல் காப்பதும் அதுதான். வடக்கின் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் விடும் வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் பம்பின் சீலிலும் கட்டும்.

இனி ஹைபிரிட் பயம். செம்மஞ்சள் உறையிட்ட தடித்த வயர்கள் எல்லாம் உயர் அழுத்தம். பின்னால் இருக்கும் பெரிய பற்றரி 201.6 வோல்ற், இன்வேட்டர் அதை 650 வோல்ற் வரை உயர்த்தும். உயிர் போகும் அளவு அது. ஆனால் எஞ்சின் பம்பை மாற்ற ஒரு செம்மஞ்சள் வயரையும் தொட வேண்டியதில்லை. அவை பக்கம் ஸ்பானர் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த வேலையில் அதைவிடப் பெரிய ஆபத்து, ரெடி விளக்கு (வண்டி ஓடத் தயார் என்று காட்டுவது) எரியும் வண்டி ஓசையில்லாமல் நின்றுவிட்டுத் தானாக எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவது. கை உள்ளே இருக்கும்போது அது நடக்கக் கூடாது. ஸ்மார்ட் சாவியை வீட்டுக்குள் தூரத்தில் வையுங்கள். 12 வோல்ற் பற்றரி டிக்கியின் வலப்பக்க மூலையில் இருக்கிறது, அதன் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கழற்றிய பின் டிக்கிக் கதவை மூடிவிடாதீர்கள். பூட்டு மின்சாரத்தில் வேலை செய்வது, மூடினால் பின்னிருக்கை மேலால் ஊர்ந்து போய் உள்ளிருந்து திறக்க வேண்டி வரும். ஒரு துணியைச் சுருட்டிப் பூட்டுக்கு இடையில் வைத்துவிட்டால் கவலையில்லை.

வேலை தொடங்கும் நாளில் எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். முன்பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி ஸ்டாண்டில் இருத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. எஞ்சினின் கீழ்த்தட்டைக் கழற்றுங்கள். அதன் பிளாஸ்ரிக் கிளிப்புகள் பழசாகி உடையும், ஐந்தாறு உதிரியாக வாங்கி வையுங்கள். ரேடியேற்றரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, அளவுக்கோடு போட்ட வாளியில் பிடியுங்கள். எவ்வளவு வந்தது என்று எழுதி வையுங்கள், பம்பையும் ஹோஸ்களையும் கழற்றும்போது கொட்டுவதையும் சேர்த்து. இந்த இலக்கம் பிறகு தேவை. பழைய கூலன்ற் இனிக்கும், ஆனால் நஞ்சு. நாய், பூனை நக்கிவிடும். உடனே கலனில் ஊற்றி மூடுங்கள்.

பம்ப் எஞ்சினின் வலப்பக்கம், அதாவது சாரதி பக்கத்தில், முன்புறமாகக் கீழே இருக்கிறது. கனெக்டரின் பூட்டை அமுக்கி இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஹோஸ் கிளிப்புகள் சுருள்வில் வகை. குறட்டால் காதுகளை அமுக்கிப் பின்னே நகர்த்துங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் முறுக்குங்கள், அசைந்த பின் இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் குழாய் வாயில் கீறல் விழும், அந்தக் கீறலில் பிறகு ஒழுகும். போல்ற்களின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. ஒரு காட்போட் துண்டில் பம்பின் வடிவத்தைக் கீறி, எந்த ஓட்டையில் வந்ததோ அதே இடத்தில் போல்ற்றைக் குத்தி வையுங்கள். நீளப் போல்ற் குட்டை ஓட்டைக்குப் போனால் அடியில் முட்டி, இறுகிய மாதிரிக் காட்டி, பம்பை இறுக்காமல் விடும்.

எஞ்சினில் பம்ப் பொருந்தும் முகத்தைப் பிளாஸ்ரிக் சுரண்டியால் துப்புரவாக்குங்கள், இரும்புக் கத்தி வேண்டாம். சிலிக்கன் பசை பூசாதீர்கள். மிஞ்சிய பசை உருண்டு போய்க் கூலன்ற் வழியில் அடைக்கும். ஓ-ரிங்கைப் புதுக் கூலன்றில் நனைத்து, பள்ளத்தில் சீராக உட்கார்ந்ததா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்த பின் பம்பை வையுங்கள். எல்லாப் போல்ற்களையும் முதலில் கையால் திருகி, பிறகு மாறி மாறி இறுக்குங்கள். அலுமினியத்தில் போகும் இந்த அளவு போல்ற்றுக்கு 20 நியூட்டன் மீற்றரை ஒட்டிய இறுக்கம் போதும். நீண்ட ஸ்பானரில் முழுப் பலம் கொடுத்தால் மரை போய்விடும். பழைய சுருள்வில் கிளிப்புகளை எறிந்துவிட்டுத் திருகு கிளிப் போடும் பழக்கம் பலரிடம் உண்டு. வேண்டாம். ரப்பர் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது சுருள்வில் கூடவே இறுகும், திருகு கிளிப் அப்படி இறுகாது.

நிரப்பும்போது அவசரம் கூடாது. வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்தே இருக்கட்டும், காற்று மேல் நோக்கி வர உதவும். எஞ்சின் தாங்கியில் மெல்ல ஊற்றி, ரேடியேற்றர் ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழி வந்து மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். இன்வேட்டர் பக்கத்தில் இருக்கும் மற்றத் தாங்கியில் தப்பி ஊற்றிவிடாதீர்கள்.

12 வோல்ற் பற்றரியைப் பூட்டிய பின் எஞ்சின் தொடர்ந்து ஓட வேண்டும். ஆனால் இந்த வண்டி தன் விருப்பத்துக்கு நின்றுவிடும். அதற்கு மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறது. பிரேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். பி-யில் வைத்து அக்சிலரேட்டரை முழுதாக இரண்டு முறை, பிரேக்கை மிதித்து என்-னுக்கு மாற்றி இரண்டு முறை, மறுபடி பி-யில் இரண்டு முறை மிதியுங்கள். எல்லாம் 60 வினாடிக்குள். திரையில் மெயின்டனன்ஸ் மோட் என்று வந்ததும் பிரேக்கை மிதித்து பவரை அழுத்தினால் எஞ்சின் ஓடி, நிற்காமல் இருக்கும். திறந்த வெளியில் செய்யுங்கள். இந்த மோடில் வண்டியை ஓட்டக் கூடாது.

ஹீட்டரை உச்சத்தில் வையுங்கள். நமது நாட்டில் பலர் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை, இன்றைக்குத்தான் அதற்கு வேலை. கைத்தொலைபேசியில் வெப்பநிலையைப் பாருங்கள். ஆறிய எஞ்சினில் கணினி பம்பை மெதுவாகத்தான் ஓட்டும், முதலில் அசைவு தெரியவில்லை என்று பதற வேண்டாம். 82 பாகை அளவில் தேர்மோஸ்டாட் திறக்கும், தாங்கியில் மட்டம் சட்டென்று இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்ற பின் மூடியைப் பூட்டுங்கள். காற்றுத்துளையில் நல்ல சூடாக வந்து, வெப்பநிலை 85 முதல் 95 பாகைக்குள் நின்றால் ஓட்டம் சரி. எஞ்சின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர் காற்று வருகிறதா, டாஷ்போட்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கிறதா, காற்று இன்னும் இருக்கிறது. 100 பாகையைத் தாண்டினால் நிறுத்தி ஆற விடுங்கள்.

எழுதி வைத்த இலக்கத்தை இப்போது எடுங்கள். 5 லீற்றர் வடிந்த வண்டியில் 4 லீற்றர்தான் போனது என்றால் மீதி 1 லீற்றர் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. இரவு ஆறவிட்டு, மறுநாள் காலை மட்டம் பார்த்து ஊற்றி, மறுபடி ஓடவிடுங்கள். இரண்டு, மூன்று சுற்று வேண்டி வரலாம். பம்ப் பூட்டிய மறுநாளே பி148எஃப் கோட் வந்தால் புதுப் பம்பைக் குறை சொல்லாதீர்கள், இந்தக் காற்றுத்தான் காரணம்.

கோட்டை அழித்துவிட்டு, முதல் ஓட்டத்தை வீட்டைச் சுற்றிப் பத்துக் கிலோமீற்றரோடு நிறுத்துங்கள். கீழ்த்தட்டை இன்னும் பூட்டாதீர்கள், ஒழுக்கு இருந்தால் தெரிய வேண்டும். பம்புக்குக் கீழே ஒரு வெள்ளைக் காகிதம் விரித்து இரவு விடுங்கள். காலையில் இளஞ்சிவப்புத் துளி இல்லை, தாங்கி மட்டமும் இறங்கவில்லை என்றால் தட்டைப் பூட்டலாம். இரண்டு வாரத்துக்கு வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் மட்டம் பாருங்கள். ஒழுக்கு இல்லாமலே மட்டம் குறைந்துகொண்டு போனால் நீலத் திரவச் சோதனைக்குப் போங்கள்.