டிராக்டர் தெளிப்பானின் பம்புக்கு எந்த இயக்கம் ஏற்றது?

டிராக்டர் இழுத்துச் செல்லும் மருந்துத் தெளிப்பானின் பம்பைச் சுழற்றும் விசை எங்கிருந்து வருகிறதோ, அதுவே பம்பு இயக்கம்.

டிராக்டரின் பின்புறத் தண்டு, அதாவது பி.டி.ஓ., வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும். ரப்பர் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து மருந்தைத் தள்ளும் டயாபிரம் பம்புக்கு அதுவே போதும் என்பதால், மீஞ்சூர், பொன்னேரிப் பக்க நிலங்களுக்கு நான் முதலில் இதையே சொல்வேன். சக்கரம் வேகமாகச் சுழன்று மருந்தை வெளியே வீசும் மையவிலக்குப் பம்புக்கு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் தேவை. அதற்கு வேகம் கூட்டும் கியரோ, டிராக்டரின் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ராலிக் மோட்டாரோ வேண்டும். மோட்டார் வாங்குமுன், அது கேட்கும் அளவு எண்ணெயை உங்கள் டிராக்டர் தருமா என்று அவசியம் பாருங்கள்.

வண்ணாரப்பேட்டைத் தெரு அடிபம்பை மெதுவாக அடித்தாலும் ஒவ்வோர் அடிக்கும் குடத்தில் தண்ணீர் விழும். டயாபிரம் பம்பும் அப்படித்தான். மையவிலக்குப் பம்போ நனைந்த குடையைச் சுழற்றுவது போன்றது, மெல்லச் சுழற்றினால் துளி பறக்காது.

எஞ்சினை முறுக்கித்தான் அழுத்தம் ஏற்ற வேண்டும் என்று பலர் நினைப்பது தவறு, பி.டி.ஓ.வை 540 சுற்றிலேயே நிலையாக ஓடவிட்டு, அழுத்தத்தை வால்வில் சரிசெய்ய வேண்டும்.