அந்த மூன்றாவது தலையணை

குமிழியில் மரபணுவை ஏற்றி இதயத்தைச் சரிசெய்வதாக ஒரு காணொளி பார்த்துவிட்டு, உங்களுக்குப் போட்ட ஊசியிலும் அதுதான் இருந்ததா, பேரப்பிள்ளைக்கு ஏதும் வருமா என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். எக்கோ, அதாவது இதயத்தை அல்ட்ராசவுண்டால் படம் எடுத்தபோது கையில் போட்ட ஊசியில் மரபணு எதுவும் இல்லை, ஐயா. வெறும் நுண்குமிழிகள். ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை. மெல்லிய ஓட்டுக்குள் கொஞ்சம் வாயு, அவ்வளவுதான். இதயத்தின் உள்சுவர் படத்தில் தெளிவாகத் தெரியப் போடுவது. சில நிமிடங்களில் குமிழி கரைந்து, வாயு மூச்சோடு வெளியேறிவிடும். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு அதனால் ஒன்றும் வராது.

நீங்கள் பார்த்த காணொளி முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். ஆய்வாளர்கள் உண்மையிலேயே அதே மாதிரிக் குமிழிகளோடு மரபணுவைச் சேர்த்து ரத்தத்தில் செலுத்தி, இதயத்துக்கு நேராக அல்ட்ராசவுண்ட் கொடுத்து உடைக்கிறார்கள். குமிழி உடையும் அதிர்வில் செல்லின் சவ்வில் நொடிப்பொழுது துளை விழ, மரபணு உள்ளே நுழைகிறது. 2000-ஆம் ஆண்டிலேயே எலிகளிடம் செய்து காட்டியாயிற்று. மார்பைத் திறக்காமல் இதயத்துக்குள் மருந்து! எனக்கும் பிடித்த யோசனைதான். ஆனால் உள்ளே போய்ச் சேருவது கொஞ்சம், அது வேலை செய்வதும் பெரும்பாலும் கொஞ்ச காலம். அல்ட்ராசவுண்ட் இல்லாமல், இதய ரத்தக்குழாய் வழியாக வைரஸில் ஏற்றி மரபணு கொடுத்த சோதனை ஒன்று 250 நோயாளிகளிடம் நடந்தது. போலி மருந்து பெற்றவர்களைவிட அவர்கள் தேறவில்லை என்று 2016-இல் முடிவு வெளியானது. அல்ட்ராசவுண்ட் வழி மரபணு சிகிச்சை இதய நோயாளிகளுக்கு இன்று எங்குமே வழக்கத்தில் இல்லை.

தசைவலிக்கு இணையத்தில் வாங்கிய அல்ட்ராசவுண்ட் கருவியை நெஞ்சில் வைக்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். உள்ளே குமிழியும் இல்லை, மரபணுவும் இல்லை, ஜெல்தான் வீண்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். ஏதோ போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "இப்போதெல்லாம் மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது, செருப்பும் இறுக்கமாகிவிட்டது." இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் நிரம்பும் ரத்தத்தில் 35 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளுகிறது என்று எக்கோவில் வந்தவர் நீங்கள். படுத்தால் மூச்சு முட்டுவதும் காலில் வீக்கம் ஏறுவதும் நுரையீரலிலும் உடம்பிலும் நீர் கட்டுவதன் அடையாளம். அதற்கு மேல், புதுச் சிகிச்சை வரும்வரை உடம்பு "சுத்தமாக" இருக்கட்டும் என்று நீர் மாத்திரையை நீங்களே நிறுத்திவிட்டீர்கள். முட்டிவலிக்குக் கடையில் வாங்கிய டைக்லோஃபெனக் என்ற வலி மாத்திரை வேறு. அது உப்பையும் நீரையும் உடம்பிலேயே தேக்கி வைக்கும். இரண்டும் சேர்ந்தால் தலையணை மூன்று என்ன, நான்கும் ஆகும்.

வலி மாத்திரையை இன்றே விடுங்கள். அடுத்த மாத அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே உங்கள் இதயப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், நீர் மாத்திரையை எந்த அளவில் மறுபடி தொடங்குவதென்று அவர்கள் சொல்வார்கள். லைன் கிடைக்காவிட்டால் ஈசூன் பலதுறை மருந்தகத்துக்கு நேரே போய்விடுங்கள். அப்புறம், தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், பசியாறுவதற்கு முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர், சதை இல்லை. அன்றே சொல்ல வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, நள்ளிரவானாலும் சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழையுங்கள். மகனை எழுப்பி டாக்சி தேட வேண்டாம்.

போகும்போது அந்த டைக்லோஃபெனக் அட்டையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை விழுங்கியிருக்கிறீர்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.