பெட்டியில் 1500, அடுப்படியில் 72: ரவுட்டர் வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்களுடையது பழைய வீடு. ரவுட்டர் முகப்பில் இருக்கிறது, பெட்டியில் ஏஎக்ஸ்1500 என்று போட்டிருக்கிறது. முகப்பில் பிரமாதமாக ஓடுகிறது. அப்பத்தா அடுப்படிப் பக்கம் உட்கார்ந்து சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவோடு வீடியோ கால் பேசினால் மட்டும் படம் மங்கிப் போய்விடுகிறது, ஆனால் கால் கட் ஆவதில்லை. காரைக்குடியில் ஒரு கடைக்காரர், "அடாப்டிவ் கோடிங் உள்ள மாடல் வாங்குங்க, 3000 ரூபாய்தான் கூடுதல்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அவர் விற்கப் பார்க்கும் அந்த வசதி, அதாவது சிக்னலுக்கு ஏற்ப அனுப்பும் விதத்தை மாற்றிக்கொள்வது, உங்கள் ரவுட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. கால் கட் ஆகாமல் இருப்பதே அதனால்தான்.

முகப்பிலிருந்து இரண்டாம் கட்டில் இருப்பவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் என்ன செய்வோம்? நிறுத்தி நிதானமாக, முக்கியமான வார்த்தையைத் திரும்பச் சொல்லி, புரிகிற மாதிரி கத்துவோம். ரவுட்டரும் அதையேதான் செய்கிறது. வைஃபை 6-இல் (பெட்டியில் ஏஎக்ஸ் என்று போட்டிருப்பது அதைத்தான்) சிக்னல் தெளிவாக இருக்கும்போது ஒரு தடவை அனுப்பும் குறியீட்டில் 10 பிட் ஏற்றுகிறது. அதில் ஆறில் ஐந்து பங்கு உங்கள் டேட்டா, மீதி ஒரு பங்கு பிழை வந்தால் திருத்திக்கொள்வதற்கான கூடுதல் பிட். சிக்னல் மோசமாக மோசமாக ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் ஒரு குறியீட்டில் 1 பிட் மட்டும், அதிலும் பாதி பிழைதிருத்தத்துக்கே போய்விடும். மொத்தம் 12 படிகள். 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் இரண்டு ஆன்டெனா வைத்துக் கணக்குப் போட்டால் மேல்படி 1201 எம்பிபிஎஸ், கடைசிப் படி 72. பெட்டியில் இருக்கும் 1500 என்பது இந்த 1201-உடன் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் 300-ஐயும் கூட்டிப் போட்டது; உங்கள் போன் ஒரே நேரத்தில் பொதுவாக ஒரு பட்டையில்தான் இணைந்திருக்கும். லிங்க் ஸ்பீடு (போனுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வேகம்) என்று காட்டுவதிலும் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோதான் உண்மையான டவுன்லோடாகக் கைக்கு வரும். (படம் மங்குவது தனி விஷயம், வீடியோ ஆப் தன் பங்குக்குத் தரத்தைக் குறைத்துக்கொள்கிறது.)

ஆக, படி இறங்குவது கோளாறு இல்லை. ஏன் இவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும், காரணம் உங்கள் சுவர்கள். கனமான செங்கல், மேலே சுண்ணாம்புச் சாந்து, அப்படி இரண்டு மூன்று சுவர் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை நொந்துபோய்விடும், 2.4 கொஞ்சம் தாங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதே சுவர்தானே?

முதலில் காசில்லாத வேலை: ரவுட்டரை முகப்பிலிருந்து எடுத்து வளவுப் பக்கம், நடு முற்றத்தைப் பார்த்தபடி உயரத்தில் வையுங்கள். நடுவில் திறந்த வெளி, அலைக்கு அங்கே தடை குறைவு. இடம் மாற்றும் முன்னும் பின்னும் அடுப்படியில் நின்று போனின் வைஃபை விவரத்தில் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள், எத்தனை படி ஏறியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அது போதவில்லை என்றால் ஒரு கேட் 6 கேபிளை (100 மீட்டர் வரை தாராளமாக வேலை செய்யும்) தாழ்வாரத்து மர உத்தரத்தோடு ஓட்டி, பின்னால் ஒரு சாதாரண ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) போடுங்கள். வெயில் மழை படும் இடத்துக்கு வெளிப்புற உறை உள்ள கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். தயவுசெய்து முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய அந்தச் சுவரில் டிரில் போடாதீர்கள், அப்படி ஒரு பூச்சை இன்று திரும்பச் செய்ய ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். விலை குறைவு என்று வயர் இல்லாத ரிப்பீட்டர் வாங்குவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும்.

கேள்வி: தேவகோட்டையில் வீட்டுக்குள் மொபைல் சிக்னல் ஒரு கோடுதான். ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் விற்கிறார்கள். வாங்கினால் தப்பா?

பதில்: தப்புத்தான். அனுமதி இல்லாமல் மொபைல் பூஸ்டர் வாங்குவதும் பொருத்துவதும் இந்தியாவில் சட்டவிரோதம். அது சுற்றுவட்டாரத்தில் உள்ள மற்றவர்களின் இணைப்பையும் கெடுக்கும். எப்படி என்றால், 4ஜி-யில் உங்கள் போன், சிக்னலின் தரம் இப்போது எப்படி என்று 15 நிலைகளில் ஒன்றை டவருக்கு அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்கிறது, டவர் அதற்கேற்ப பிட்டையும் பிழைதிருத்தத்தையும் கூட்டிக் குறைக்கிறது. பூஸ்டர் கிளப்பும் இரைச்சல் டவரின் காதில் விழுந்தால் அக்கம்பக்கத்தார் எல்லோருமே கீழ்ப்படிக்குப் போய்விடுவார்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போன் செட்டிங்கில் வைஃபை காலிங்கை (கால் வைஃபை வழியாகப் போகும் வசதி) ஆன் செய்யுங்கள், போதும். அப்புறம், கோடு முழுதாக இருந்தும் நெட் மெதுவாக இருந்தால் அது சிக்னல் பிரச்சினையாக இருக்க வேண்டியதில்லை, அந்த நேரத்தில் டவரில் கூட்டம் அதிகமாக இருக்கலாம்.

கேள்வி: "எல்டிபிசி தொழில்நுட்பம்" என்று பெரிய எழுத்தில் போட்ட வைஃபை 6 ரவுட்டருக்குக் கூடுதல் விலை நியாயமா?

பதில்: இல்லை. ராபர்ட் கல்லாகர் 1960-களின் தொடக்கத்திலேயே முன்வைத்த பிழைதிருத்த முறை அது. வைஃபை 6-இல் 40 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் அகலமான சேனலில் கட்டாயம், 5ஜி டேட்டாவிலும் அதுதான். எல்லா மாடலிலும் இருப்பதைத் தனிச்சிறப்பு என்று சொல்லி உங்களிடம் ஏற்கெனவே காசு வாங்கியிருந்தால் பில்லையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு கடையில் கேளுங்கள், மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.