நகர சைக்கிள் திருவிழா: வாசகர் கேள்வி – பதில்

ஆண்டுதோறும் நடக்கும் நகர சைக்கிள் திருவிழாவில் பந்தயமும் உண்டு, உல்லாசப் பயணமும் உண்டு. இரண்டுக்கும் பெயர் கொடுத்திருக்கும் வாசகர்கள் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படும் சில கேள்விகள் இங்கே.

கேள்வி: 50 கிலோமீட்டர் பயணத்துக்குக் குறைந்தபட்சச் சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். பயிற்சியில் எனக்கு 16 வருகிறது. சமாளித்துவிடலாமா?

பதில்: நிற்காமல் ஓட்டினால் சமாளிக்கலாம். ஆனால் நிற்காமல் யாரும் ஓட்டுவதில்லை. 50 கி.மீ.க்கு மொத்த அவகாசம் 3 மணி 20 நிமிடம். தண்ணீர் நிரப்ப, கழிப்பறை வரிசையில் நிற்க என்று மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம் இறங்கினால், மிதிக்கக் கிடைப்பது 2 மணி 50 நிமிடம்தான். அதற்குள் முடிக்க 17.6 கி.மீ. வேகம் வேண்டும். இரண்டு பெரிய பாட்டில் எடுத்துப்போய் ஒரே இடத்தில் மட்டும் நில்லுங்கள், 16 போதும். பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ள வரும் கடைசி வண்டியைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம். 1910-இல் டூர் டி பிரான்ஸ் முதன்முதலாக பைரனீஸ் மலையேறியபோதே, களைத்துப்போன பந்தய வீரர்களுக்காக அந்த ஏற்பாடு வந்துவிட்டது.

கேள்வி: டயரின் பக்கவாட்டில் 85 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று இருக்கிறது. அதையே அடித்து ஓட்டினால் கை மரத்துப்போகிறது. குறைத்தால் பஞ்சர் ஆகிறது. எதைத்தான் செய்வது?

பதில்: அந்த 85 உச்ச வரம்பு; அதைத் தாண்டாதே என்றுதான் பொருள். எவ்வளவு காற்று என்பதை உங்கள் எடையும் டயரின் அகலமும் முடிவு செய்யும். 70 கிலோ எடையுள்ளவருக்கு, டியூப் உள்ள 35 மி.மீ. டயரில் 50 பிஎஸ்ஐக்கு அருகில் தொடங்கலாம். 28 மி.மீ. என்றால் 75 அளவில். உடல் பாரம் அதிகம் விழும் பின்சக்கரத்துக்கு நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதல். எடை கூடினால் காற்றும் கூட வேண்டும்.

குறைத்தால் வரும் பஞ்சரை டியூபைப் பார்த்தே அடையாளம் காணலாம். பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு சிறு கிழிசல் இருக்கும். குழியில் இறங்கும்போது டயர் முழுக்க அமுங்கி, ரிம்மின் இரு விளிம்பும் டியூபைக் கடித்த தடம் அது. ஒற்றை ஓட்டை என்றால் கண்ணாடிச் சில்லோ முள்ளோதான். அதற்குக் காற்றைக் கூட்டிப் பயனில்லை.

வழியில் டியூப் மாற்றுவதை வீட்டிலேயே இரண்டு முறை செய்து பழகிவிடுங்கள். பின்சக்கரம் என்றால் முதலில் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். கழற்றவும் மாட்டவும் இடம் கிடைக்கும். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து டியூபை உருவுங்கள். அடுத்ததைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்: டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு துணியால் துடைத்துத் தேட வேண்டும். குத்திய சில்லு அரிசி நொய் அளவில் ரப்பருக்குள் புதைந்திருக்கும். அதை எடுக்காமல் விட்டால் பத்தே நிமிடத்தில் புது டியூபும் போய்விடும். டயரில் உள்ள எழுத்து எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டி வைத்திருந்தால் தேடுவது சுலபம். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ, டயரிலும் அத்தனை சாண் தள்ளிப் பார்த்தால் போதும்.

புது டியூபில் வளையம் நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று ஊதி உள்ளே வையுங்கள். டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசிப் பகுதி இறுகினால் டயர் கழற்றும் லீவரை எடுக்காதீர்கள். அதுவே புது டியூபைக் கிள்ளிவிடும். ஏற்கனவே உட்கார்ந்த பகுதியை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே வந்தால் விளிம்பு நெகிழ்ந்து உள்ளே போகும். பிறகு வால்வை ஒருமுறை உள்பக்கம் தள்ளிவிட்டு, இரு பக்கமும் டியூப் எங்கும் மாட்டியிருக்கவில்லை என்று பார்த்த பின்பே முழுக் காற்று.

கேள்வி: அரைமணி நேரம் ஓட்டியதும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது.

பதில்: பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கும், அதுதான் சரி. வலி முழங்காலுக்குப் பின்னால் வந்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ சீட் உயரம் அதிகம். ஒரு தடவைக்கு 5 மி.மீ. மட்டும் மாற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். விழாவுக்கு முந்தின வாரம் சீட்டில் கை வைக்காதீர்கள். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதும் காரணமாகலாம். பெடல் நிமிடத்துக்கு 80 சுற்று வரும் கியருக்கு இறங்குங்கள்.

கேள்வி: நகரச் சுற்றுப் பந்தயத்தில் முதல் முறையாகக் கலந்துகொள்கிறேன். விழுந்துவிடுவேனோ என்றுதான் பயம்.

பதில்: நியாயமான பயம். கூட்டத்தில் விழுவதற்கு ஒரு முக்கியக் காரணம், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தை நுழைத்துக்கொண்டு ஓட்டுவது. அவர் சற்றே விலகினால் இரண்டும் உரசும். அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது நீங்கள்தான். ஏனென்றால் சைக்கிளைச் சாயாமல் வைத்திருப்பது முன்சக்கரத்தை இடமும் வலமும் ஓயாமல் திருப்பிக்கொள்வதுதான். உரசிய நொடியில் அந்தத் திருப்பல் முடங்கிவிடுகிறது. ஆகவே எப்போதும் நேர் பின்னால், அல்லது ஒரு சாண் விலகி, ஆனால் சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளியோடு. அவருடைய டயரையே வெறித்துப் பார்க்காமல் தோளுக்கு மேலே, நான்கைந்து பேருக்கு அப்பால் பாருங்கள்.

கடைசி வரிசை பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். வளைவில் முன்னவர் சிறிது வேகம் குறைத்தால் கடைசியில் இருப்பவர் நன்றாகவே பிரேக் பிடிக்க வேண்டிவரும். பிறகு விட்டதைப் பிடிக்க ஒவ்வொரு வளைவிலும் எகிற வேண்டும். முன்பாதிக்குள் இருந்தால் அந்த உழைப்பே இல்லை. பிரேக் வளைவுக்கு முன்பே. வளைவுக்குள் வெளிப்புறப் பெடல் கீழே, பார்வை வெளியேறும் இடத்தில். மழை பெய்தால் சாலையின் வெள்ளைக் கோடும் இரும்பு மூடிகளும் வழுக்கும். அவற்றின்மேல் சாய்ந்து திரும்பாதீர்கள்.

மணிச் சத்தத்தைக் கேட்டு ஏமாறவும் வேண்டாம். கடைசிச் சுற்றுக்கு அடிப்பதுபோலவே, நடுவில் ஒரு சுற்றில் முந்துபவருக்குத் தனிப்பரிசு தரும் இடைப்பரிசுச் சுற்றுக்கும் மணி அடிப்பார்கள். அதைக் கடைசி என்று நினைத்து முழுச் சக்தியையும் கொட்டிவிட்டு நிற்பவர்கள் உண்டு. மீதிச் சுற்றுகளைக் காட்டும் பலகையில் உள்ள எண்ணைப் பாருங்கள். பஞ்சர் ஆனால் ஒரு சுற்று விட்டுத் திரும்பச் சேர அனுமதி இருக்கலாம்; செயின் கழன்றதற்குப் பெரும்பாலும் கிடையாது, கடைசிச் சில சுற்றுகளில் எதற்குமே கிடையாது. புறப்படும் முன் நடுவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகளைக் குடும்பச் சுற்றுக்கு அழைத்துவருகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் பிரேக் பிடி. குழந்தையின் விரல் எட்டாத தூரத்தில் அது இருப்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. பிடியின் அருகில் ஒரு சிறு திருகு இருக்கும். அதை உள்ளே முடுக்கினால் பிடி ஹேண்டில்பாருக்கு நெருங்கி வரும். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் அளவு. ஓட்டும்போது நீங்கள் பின்னால், வேகமாகப் போகிறவர்கள் கடக்கும் பக்கமாகச் சற்றே தள்ளி வாருங்கள். நிற்க வேண்டுமென்றால் முதலில் ஓரம், பிறகுதான் பிரேக். இதைத் தெருவில் ஓட்டும்போதே சொல்லிப் பழக்கிவிடுங்கள்.