லெவிட்டவுனில் தனிக்குடித்தனம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

1950-களின் அமெரிக்கப் புறநகர் வாழ்க்கை பற்றிய தங்கள் கட்டுரையில், போருக்குப் பின் ஒரே நிறுவனம் மொத்தமாகக் கட்டி எழுப்பிய லெவிட்டவுன் என்ற குடியிருப்பை ஓரிரு வரிகளில் கடந்துவிட்டீர்கள். அமெரிக்கர்கள் இயல்பிலேயே தனிக்குடித்தனத்தை விரும்புகிறவர்கள், பெற்றோரோடு சேர்ந்திருக்கும் வழக்கமே அவர்களுக்குக் கிடையாது, அதனால்தான் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற அந்தச் சிறு வீடுகளுக்குப் போனார்கள் என்று நான் எண்ணிவந்திருக்கிறேன். இது சரிதானா? அங்கே பெண்களின் நாள் எப்படிக் கழிந்தது என்பதையும் எழுத வேண்டுகிறேன்.

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த எண்ணம் நம்மில் பலருக்கும் இருக்கிறது. எனக்கும் நெடுநாள் இருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ஆம் ஆண்டின் அமெரிக்காவைப் பார்த்தால் இது நிற்பதில்லை. 1930-களின் பெருமந்தக் காலத்திலும் அதைத் தொடர்ந்த போர்க்காலத்திலும் வீடு கட்டுவது மிகவும் குறைந்துபோயிருந்ததால், ஊர் திரும்பிய படைவீரர்களில் ஏராளமானோர் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு பெற்றோர் வீட்டிலோ மாமனார் வீட்டிலோ ஓர் அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். படைத்துறைக்காகச் செய்யப்பட்ட வளைகூரைத் தகரக் கொட்டகைகளில்கூடக் குடும்பங்கள் குடியிருந்தன. நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஒரே கட்டடத்தில் பாட்டியும் மகளும் பேத்தியும் அடுத்தடுத்த மாடிகளில் வாழ்வது எவரும் வியக்கும் செய்தியாக இருக்கவில்லை.

அவர்களை அங்கிருந்து பெயர்த்தெடுத்தது கடன். 1934-இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக்கடனுக்குக் காப்புறுதி தந்தது. 1944-இன் படைவீரர் சட்டம், திரும்பி வந்தவர்களின் கடனுக்கு அரசே உத்தரவாதம் நிற்கும் என்றது. இந்த இரண்டின் மேல்தான் வில்லியம் லெவிட்டின் நிறுவனம் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947-இல் முதல் குடும்பங்களைக் குடியேற்றியது. கட்டும் வேலை இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குழு வீடு வீடாக நகர்ந்துகொண்டே போனது. வேகம் உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு முப்பது வீடுகள் முடிந்தன, 1951-க்குள் மொத்தம் 17,447. தொடக்கத்தில் மாத வாடகை 60 டாலர். 1949-இல் வந்த புதிய மாதிரியின் விலை 7,990 டாலர், அதையும் படைவீரர் முன்பணம் இல்லாமலே வாங்கலாம். மாமனார் வீட்டு அறையில் ஒண்டியிருந்த ஒருவருக்கு இதை மறுப்பதற்கு என்ன காரணம் இருந்திருக்கும்?

இந்தக் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இதை விட்டுவிட்டு அந்தக் காலத்தின் குடும்ப வாழ்வைப் பேசுவது எனக்கு ஒப்பாது. முதல் ஒப்பந்தங்களில், வெள்ளையர் அல்லாதார் வீட்டுப் பணியாளராக அன்றி அங்கே குடியிருக்கக் கூடாது என்ற விதியே எழுதப்பட்டிருந்தது. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்த பின்னும், லெவிட் கறுப்பினத்தவருக்கு விற்கவில்லை. 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர், அதே நிறுவனம் அதே பெயரில் பென்சில்வேனியாவில் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் முந்தைய உரிமையாளரிடமிருந்து ஒரு வீட்டை வாங்கிக் குடிபுகுந்தார்கள். கணவர் போரில் பணியாற்றியவர். மூன்றாவது குழந்தை பிறந்ததால் பெரிய வீடு தேவைப்பட்டிருந்தது. அங்கிருந்த பிற குடும்பங்களும் இதே தேவையோடு வந்தவைதாம். வீட்டின் முன் இரவுதோறும் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. மாநிலக் காவலர்கள் வர வேண்டியிருந்தது. மையர்ஸ் குடும்பம் வெளியேறவில்லை. தனிக்குடித்தனம் ஓர் இனத்தின் இயல்பு என்று யாரேனும் சொல்லும்போது, டெய்சி மையர்ஸ்தான் என் நினைவுக்கு வருகிறார்.

இனிப் பெண்களைப் பற்றி. சில ஆண்டுகளுக்கு முன் லாங் ஐலண்டில் நண்பர் ஒருவரோடு தங்கியிருந்தபோது, 1950-இல் கட்டிய லெவிட் வீடு ஒன்றைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த அம்மையார் ஒருவர் சுற்றிக் காட்டினார். அடுக்களை வீட்டின் முகப்பில் இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிமுன் நின்றபடியே தெருவில் விளையாடும் பிள்ளைகளைத் தாய் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கருதி வைத்த அடுக்களை அது. துணி துவைக்கும் இயந்திரமும் அதற்குள்ளேயே. மாடிப்படியின் பக்கச் சுவரில் தொலைக்காட்சிப் பெட்டியைப் பதித்திருந்த குழி இப்போது புத்தக அடுக்காக இருந்தது. மேலே ஏறினால், நடுவில் மட்டுமே நிமிர்ந்து நிற்கக்கூடிய சாய்கூரைப் பரண். அதை முடிக்காமலே விற்றார்கள். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க வீட்டுக்காரரே பலகை அடித்து அறைகளாக்கிக்கொள்ள வேண்டும். கூரைச் சட்டமொன்றில் அவருடைய தந்தை பென்சிலால் குறித்த அளவுகள் அழியாமல் இருந்தன.

அந்த அடுக்களைக்குள் வந்தவர்களில் சிலர், போர்க்காலத்தில் அதே லாங் ஐலண்டின் விமானத் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டு, ஆண்கள் திரும்பியதும் அனுப்பப்பட்டவர்கள். 1956-இல் அமெரிக்கப் பெண்களின் திருமண வயதின் இடைநிலை 20.1. ஒரே கார் இருந்த வீட்டில் கணவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால், மாலைவரை மனைவிக்கு நடந்து போகும் தொலைவுதான் உலகம். வேலி போடக் கூடாது, வார இறுதியில் துணி உலர்த்தக் கூடாது, புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும் என்று விதிகள் வேறு. ஆனால் வேலி இல்லாததால் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு ஓடினார்கள், தாய்மார்களும் முற்பகலில் யாரேனும் ஒருத்தியின் அடுக்களையில் காபிக்குக் கூடினார்கள். ஆகவே அது முழுச் சிறை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் 1958-இல் அதே நிறுவனம் நியூ ஜெர்சியில் கட்டிய லெவிட்டவுனில் வீடு வாங்கி இரண்டாண்டு வாழ்ந்து பார்த்தவர். பெரும்பாலோர் அங்கே மனநிறைவோடுதான் இருந்தார்கள் என்பது அவர் கண்டது. தனிமையில் வாடியவர்களாக அவர் சுட்டியவர்களில், தாயைப் பிரிந்து தொலைவுக்கு வந்துவிட்ட உழைக்கும் வர்க்கத்து இளம்பெண்கள் முக்கியமானவர்கள். சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை.

லாங் ஐலண்டில் இன்றும் 'தாய்-மகள் வீடு' என்றொரு சொல் வழங்குகிறது. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் வயதான தாய்க்கெனத் தனி அடுக்களையோடு ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டியிருந்தால், அதற்குப் பெயர் அது. அந்த அம்மையார் என்னைக் கடைசியாக அழைத்துச் சென்றது பின்பக்கத்தில் சேர்த்துக் கட்டிய அப்படியோர் அறைக்கு. தாத்தா இறந்த பிறகு புரூக்ளினிலிருந்து பாட்டியை அழைத்துவந்து வைத்துக்கொண்டார்களாம். இரண்டே இரண்டு அடுப்புகள் கொண்ட அந்த மேடையில்தான், அவர் பள்ளி விட்டு வரும் நேரத்துக்குப் பாட்டி சூப் வைத்திருப்பாராம்.